படத்தை நிறுத்தச் சொன்ன பாட்டி

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், ஓசூரிலிருந்து சேலம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். ஓசூரைத் தாண்டியதும் கண்டக்டர், டிரைவர் தலைக்கு மேலிருந்த டெலிவிஷன் பெட்டியில் ஒரு படத்தைப் போட்டார். 'எங்கேயும் எப்போதும்'. எம். சரவணன் டைரக்ட் செய்து 2011-ல் வெளிவந்த படம். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு பஸ் விபத்தைப் பற்றிய கதை. ஓடுகிற பஸ்ஸில் பஸ் விபத்துப் படம் போடலாம் என்று யாருக்குத்தான் தோன்றியதோ!

படம் நன்றாகவே ஓடியது. கிருஷ்ணகிரியில் ஏறியவர்களும் சிரித்தார்கள், காவேரிப்பட்டினத்தில் ஏறியவர்களும் சிரித்தார்கள். தருமபுரியில் இறங்க வேண்டிய ஒருவர், படத்தை விட மனசில்லாமல் படிக்கட்டில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இறங்கினார். தருமபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியையும் தாண்டி, தொப்பூர்க் கணவாயில் பஸ் இறங்க ஆரம்பித்தபோது படமும் முடிவை நெருங்கிவிட்டது. அப்போது எனக்கு முன் சீட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா கண்டக்டரு, அதெ நிறுத்துப்பா. கணவாயத் தாண்டட்டும்."

"இன்னும் கொஞ்சந்தான் பாட்டி, முடிஞ்சிரும்" என்றான் பக்கத்திலிருந்த பையன்.

"அது எப்பிடி முடியும்னு எனக்குத் தெரியும்டா. நிறுத்தச் சொல்லு."

கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து போய் அணைத்துவிட்டார். பஸ்ஸில் கொஞ்சம் முணுமுணுப்பு. "டிக்கெட்டுக்குக் காசு வாங்கிட்டு..." என்று பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்து, என்ன காரணத்தாலோ முடிக்காமல் விட்டுவிட்டார். வெளியே மழை. கீழே, வளைவில், லாரிகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

இந்த இடத்தை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரி மேட்டு நிலத்திலிருந்து சேலம் பக்கம் இறங்கும் இடம்தான் தொப்பூர்க் கணவாய். வடக்கிலிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் எல்லாம் இந்த இறக்கத்தில்தான் வந்தாக வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை உருளவிடும் டிரைவர்கள் உண்டு. பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதற்கப்புறம் முன்னால் போகிற வண்டிதான் பிரேக். 2020 டிசம்பரில் அப்படி ஒரு லாரி, தேங்கி நின்ற வண்டிகளின் மேல் பாய்ந்தது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் நடந்ததைத் தேசமே பார்த்தது. அங்கிருந்த காமிரா அதைப் படம் பிடித்துவிட்டது. லாரிகளுக்கு நடுவே ஒரு கார் நசுங்கித் தீப்பற்றுவது சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகள் எத்தனை லட்சம் பேருடைய கைப்பேசியில் ஓடியிருக்கும்!

நான் இந்த ஊருக்குக் குடிவந்து 11 வருஷம் ஆகிறது. பாட்டி சொன்னது எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. அந்த 2024 காட்சியை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் மாற்றி ஒருவர் கைப்பேசியில் போட்டுப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். நிஜமான சாவு. நம் வீட்டு வாசலிலிருந்து நடந்து போகிற தூரம். "அடேங்கப்பா" என்றார்கள், "பாவம்" என்றார்கள், டீயைக் குடித்தார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கற்பனையாக ஒரு கதாசிரியன் செய்த விபத்தை மட்டும் பார்க்க முடியவில்லை என்றால், இது என்ன விந்தை?

விந்தை ஒன்றுமில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். காமிராப் படத்தில் ஒரு கார் இருக்கிறது. காருக்குள் யார் என்று நமக்குத் தெரியாது. 'எங்கேயும் எப்போதும்' படத்தில் பஸ்ஸுக்குள் யார் யார் என்று இரண்டு மணி நேரமாக நமக்குத் தெரியும்.

இந்தப் படத்தின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண டைரக்டர் விபத்தைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருப்பார். நாம் 'ஐயோ' என்று திடுக்கிட வேண்டும் என்பதற்காக. சரவணன் முதலிலேயே காட்டிவிடுகிறார். விழுப்புரம் பக்கத்தில் இரண்டு பஸ்கள் மோதிக்கொள்கின்றன, ஒன்று திருச்சி போவது, இன்னொன்று சென்னை வருவது. அதைக் காட்டிவிட்டு, 'இதற்குச் சில மணி நேரம் முன்னால்' என்று கதையை ஆரம்பிக்கிறார். அதற்கப்புறம் வருவதெல்லாம் சிரிப்பு. திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கும் மணிமேகலை, பட்டறையில் வேலை செய்யும் கதிரேசனைக் காதலிப்பதற்கு முன்னால் அவனைப் படுத்துகிற பாடு! எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். உறுப்பு தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைக்கிறாள். கொட்டகையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. அந்தப் பத்திரம் எதற்கு என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. துபாயிலிருந்து ஐந்து வருஷம் கழித்து மகளைப் பார்க்க வரும் ஒருவர், பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அவளிடம் பேசிக்கொண்டே வருகிறார். அவரை நாம் பார்க்கும்போதெல்லாம், 'இறங்கிவிடு ஐயா, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடு' என்று சொல்லத் தோன்றுகிறது. ரத்தத்தைக் காட்டுவதா பெரிது? அதை எந்தக் கசாப்புக் கடையும் காட்டும். ஒருத்தன் போனில் மகளோடு கொஞ்சுவதைக் காட்டி நம்மைக் கதிகலங்க வைப்பதற்கு வேறு திறமை வேண்டும்.

சினிமா பார்த்து மனசு உடைந்தால் அது கெட்ட சினிமா என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நாள் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, காசும் கொடுத்து, அழுதுவிட்டு வர வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இவர்களே மாரியம்மன் கோவில் திடலில் விடிய விடியக் கூத்துப் பார்க்கப் போவார்கள். எங்கள் தருமபுரி ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும். கர்ண மோட்சத்தன்று ராத்திரி ஊரே உட்கார்ந்து அழும். கதை தெரியாதவர் அங்கே ஒருவர் கிடையாது. கவச குண்டலம் போகப் போகிறது, தேர்ச் சக்கரம் அழுந்தப் போகிறது, எல்லாம் தெரியும். தெரிந்துதான் அழுகிறார்கள். மறுநாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். அதோடு முடித்துக்கொள்ளலாம் அல்லவா? கதைப்படி நீதி கிடைத்தாயிற்று. முடிக்க மாட்டார்கள். காந்தாரி வந்து மகன் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள். இத்தனை நாள் அவனைத் திட்டித் தீர்த்த பெண்களெல்லாம் அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்துவார்கள். அந்தக் காந்தாரி ஒப்பாரி இல்லையென்றால் பாரதக் கூத்து வெறும் சண்டைக் கூத்துதான்.

அழுகையைத் தமிழன் என்றைக்கும் கலைக்கு வெளியே வைத்ததில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகைக்கு அடுத்தபடியாக அழுகையைத்தான் வைக்கிறார்.

ஆனால் கூத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பக்கத்தில் அத்தை இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், ஊரே இருக்கிறது. சாயங்காலம் தீமிதி, அதற்கப்புறம் விருந்து. துக்கம் ஊரிலேயே ஆரம்பித்து ஊரிலேயே கரைந்துவிடுகிறது. கொட்டகை சினிமாவிலும் ஓரளவு அப்படித்தான். இப்போதோ ராத்திரி 11 மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு 'விசாரணை' பார்க்கிறான் ஒரு பையன். படம் முடிந்ததும் திரை இருண்டு அவன் முகமே அதில் தெரிகிறது. யாரிடம் சொல்லுவான்? சினிமாவால் மனசு கலங்கிப் போனது என்று இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சில் பாதிக்காவது படம் காரணமில்லை, பக்கத்தில் ஆள் இல்லாததே காரணம் என்பது என் கட்சி.

'விசாரணை' என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலை ஆதாரமாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த படம். 2015-ல் வெனிஸ் விழாவில் திரையிட்டு, 2016-ல் இங்கே வெளியிட்டார்கள். அதில் அடி அதிகம் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எதற்காக அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் நாலு பையன்கள் அடிபடும்போது, அந்தத் தெரியாமைதான் நம்மை வதைக்கிறது. பாலாவின் படங்களில் எனக்கு வேறு மாதிரிச் சிக்கல். 'சேது'வின் முடிவுக்கு நான் அடிமை. ஆனால் 'நான் கடவுள்' பார்த்தபோது, டைரக்டர் என் பிடரியைப் பிடித்துக்கொண்டு 'பார், இன்னும் பார்' என்று அமுக்குவது போல ஓர் உணர்ச்சி. துக்கம் வருவதற்குப் பதில் கோபம் வந்தது, அதுவும் டைரக்டர் மேல்.

அமுக்காமலே கொல்லுகிற படத்துக்கு உதாரணம் சொல்லட்டுமா? 'மகாநதி', 1994. கல்கத்தாவில் சோனாகாச்சியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த மகள் தூங்குகிறாள். தூக்கத்தில் ஏதோ பேசுகிறாள். தகப்பன் கேட்கிறான். அவ்வளவுதான் காட்சி. ஒரு அடி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை அந்தத் தூக்கப் பேச்சில் நாமே தெரிந்துகொள்கிறோம். எனக்கு அப்போது 14 வயசு; முழுக்கப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. கொட்டகையிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளை மிதித்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து கொஞ்ச நாளைக்கு என் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் அவரே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். அம்மா காரணம் கேட்டபோது, "சும்மாத்தான்" என்றார்.

இனி, எங்கள் ஜில்லாவுக்கே உரிய படம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000-ம் வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி, ஒரு கட்சித் தலைவருக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்த சேதி வந்ததும், தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை விவசாயப் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் வெந்து செத்தார்கள். எரியும் பஸ்ஸை டெலிவிஷனில் பார்த்தோம். 2007-ல் சேலம் செஷன்ஸ் கோர்ட்டு மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அது 2016-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018-ல் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அது வேறு கதை.

தண்டனை விதித்த அதே 2007-ம் வருஷக் கடைசியில், இந்தச் சம்பவத்தை மனசில் வைத்துப் பாலாஜி சக்திவேல் எடுத்த 'கல்லூரி' வெளிவந்தது. தருமபுரியில் ஒரு கொட்டகையில் பார்த்தேன். முக்கால்வாசிப் படம் ஏழைப் பிள்ளைகள் காலேஜில் அடிக்கும் அரட்டையும் கேலியும்தான். ஒருவன் சாப்பாட்டை இன்னொருவன் பிடுங்குவதும், வாய்விட்டுச் சொல்லாத ஒரு காதலும். வெளியூரில் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள், 'கதையே இல்லையே' என்று நெளிந்தார்களாம். எங்கள் கொட்டகையில் ஒருவர்கூட நெளியவில்லை. விசிலும் இல்லை. பிள்ளைகள் சுற்றுலா போக பஸ்ஸில் ஏறும் காட்சி வந்தபோது, எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். கூட வந்த பெரியவர், "அது நம்மூர்ல நடந்ததுதானுங்க, அதான்" என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொல்லிவிட்டு அவளைத் தேடிக்கொண்டு போனார்.

அந்த முடிவில் தீயைக் காட்டிய நேரம் கொஞ்சம் அதிகம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். பஸ் எரிவதை ஏழு வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டோம். நாம் பார்த்திராதது, எரிவதற்கு முந்தின அரட்டையைத்தான். டெலிவிஷனில் 'மூன்று மாணவிகள்' என்று சொன்னார்கள். ஒருத்தி குண்டாக இருப்பாள், ஒருத்தி சதா தின்பாள், ஒருத்தி கணக்கில் புலி என்றெல்லாம் டெலிவிஷன் சொல்லாது. அந்த வேலையைக் கதைக்காரன்தான் செய்ய வேண்டும். பாலாஜி சக்திவேல் செய்தார்.

இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன செய்தாய் என்று வாசகர் கேட்கலாம். கேட்டார் ஒருவர். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது யோக்கியமாகாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். 'இன்னும் இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்' என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. கதையோ நடு ஆற்றில் நிற்கிறது. கதாநாயகியின் தம்பியை என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. கணவாயில் ஒரு லாரியைக் கொண்டுவந்து அவன்மேல் ஏற்றினேன். எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. பிரிந்தவர்கள் பிணத்தருகே கூடினார்கள். முற்றும். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. 'இரண்டு நாள் சாப்பிடவில்லை', 'தலையணை நனைந்தது' என்றெல்லாம். அவற்றை ஒரு பைலில் போட்டு வைத்திருந்தேன். பெருமைக்குத்தான்.

எங்கள் ஊரில் நெடுஞ்சாலை ஓரமாக டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் அந்தத் தொடரைப் படித்திருந்தார். அவர் மகன் லாரி டிரைவர். கணவாயில்தான் போனான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்ல முடியாது, தெரியாமல் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவரே பேச்சை எடுத்தார்.

"கதை நல்லா இருந்துச்சுங்க. ஆனா அந்தப் பையன் செத்ததும் முடிச்சுட்டீங்களே."

"ஏன், இன்னும் இழுத்திருக்கணுமா?"

"அதில்லீங்க. எங்க வூட்ல அதுக்கு அப்புறந்தான் எல்லாமே நடந்துச்சு."

கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டினது, பேப்பரில் வயசைத் தப்பாகப் போட்டது, நஷ்டஈட்டுக் கேசுக்காக எத்தனையோ தடவை கோர்ட்டுக்கு நடந்தது, ரேஷன் கார்டில் பேர் எடுக்கப் போனபோது வரிசையில் நின்ற மருமகள் பாதியில் திரும்பி வந்துவிட்டது. அவன் போன் நம்பருக்கு அவன் அம்மா இன்னமும் மாசா மாசம் பணம் கட்டுகிறாளாம். "எதுக்குனு கேட்டா, நம்பர் வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்கன்றா" என்றார்.

நான் அந்தக் கடிதப் பைலைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அத்தனை பேரை அழ வைத்தேனே, எதற்காக? கதை சட்டென்று முடிய வேண்டும் என்பதற்காக. பிரேக் பிடிக்காத லாரிக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் தம்பியாகப் பிறந்து 40 வாரம் என் கதையில் இருந்தானே, அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பான் என்று நான் ஒரு வாரமாவது எழுதினேனா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பரோட்டா சாப்பிடுகிறான். அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன். மனசைக் கலக்குகிற படம் என்றால் நான் சாவு வந்த நிமிஷத்தைப் பார்ப்பதில்லை. செத்தவனுக்கு அதற்கு முன்னால் டைரக்டர் எவ்வளவு நேரம் கொடுத்தார், இருப்பவர்களுக்கு அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று பார்க்கிறேன். இந்தக் கணக்கில் தேறாத படங்கள் நம் மொழியில் ஏராளம். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். என் தொடர்கதையின் பெயரையும் நான் சொல்லவில்லை அல்லவா?

பஸ்ஸில் பாட்டி படத்தை நிறுத்தச் சொன்ன கதையை டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

"எப்பிடிங்க அது? பாக்கலாமா நானு?" என்று கேட்டார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நல்ல படம் என்பது நிச்சயம். இவர் பார்க்க வேண்டிய படமா என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் ஐந்து நிமிஷத்தையும் கடைசியில் அரை மணியையும் விட்டுவிட்டுப் பாருங்கள், பட்டறையில் வேலை செய்கிற ஒரு பையன் வருகிறான், ரொம்ப நல்ல பையன் என்றேன். விமர்சகன் சொல்லக் கூடிய வார்த்தை இல்லை அது. மேலே எழுதினேனே, படத்தின் சாமர்த்தியம் என்று, அதையே வெட்டி எறிந்துவிட்டுப் பாருங்கள் என்கிறேன்.

பத்து நாள் கழித்து டீ குடிக்கப் போனபோது அவரே சொன்னார்.

"அந்தப் படம் பாத்தனுங்க, பேரன் போன்ல போட்டுக் குடுத்தான். பஸ்ஸு வர்ற எடமெல்லாம் தள்ளிட்டேன்."

"எப்படி இருந்தது?"

"அந்தப் பையன், அந்தப் புள்ளைகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறானே, அது ரெண்டு தடவ பாத்தனுங்க" என்றார். சிரித்தார். பிறகு அடுப்பில் பால் பொங்கவே எழுந்து போனார்.